வைத்தியனும் வாணியனும்: எள்ளும் நீரிழிவும்

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். செக்கில் ஆட்டிய நல்ல எண்ணெயை உண்டும், தலைக்குத் தேய்த்து முழுகியும் வந்தால், மருந்துக்காகப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியமே நேராது என்பது இதன் கருத்து. அவர்களே இன்னொரு பழமொழியும் சொன்னார்கள்: "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு." உடம்பு மெலிந்தவன் எள்ளைத் தின்று சதை பிடிக்க வேண்டும், சதை மிகுந்தவனோ எள்ளின் பக்கம் போகாமல் கொள்ளைத் தின்ன வேண்டும் என்பது இதன் பொருள்.

இன்று நம் வீடுகளில் பரவியிருக்கும் நீரிழிவு நோய்க்காரரை எண்ணிப் பார்த்தால், இவ்விரு பழமொழிகளும் ஒன்றோடொன்று வழக்காடுவது புலப்படும். அவர் நோயாளி, ஆதலால் வாணியனிடம் போ என்கிறது முதலாவது. அவர் பெரும்பாலும் உடல் பருத்தவர். ஆதலால் எள்ளைத் தொடாதே என்கிறது இரண்டாவது. இவற்றுள் எதற்குச் செவி சாய்ப்பது? எள்ளும் நல்லெண்ணெயும் இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் கொலஸ்டிரால் என்னும் கொழுப்பையும் குறைக்கின்றனவா? இவ்விஷயத்தில் சிதம்பரத்திலும் பிற தேசங்களிலும் நடந்த ஆராய்ச்சிகளின் முடிவுகளை வாசக நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயம் அற்பமானதன்று. 2023ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் வெளியான கணக்கின்படி, நம் தேசத்தில் நீரிழிவு உடையவர்கள் சுமார் 10 கோடி 10 லட்சம் பேர். நோயின் வாசலில் நிற்பவர்கள் மேலும் 13 கோடி 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களுள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சற்று அதிகமானவர்களுக்கு இந்நோய் இருக்கிறதென்று அதே கணக்கு கூறுகிறது. பட்டணத்துப் பணக்காரருக்கே வரும் வியாதி என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். திருத்தணிகைக்கு அருகில், ஆந்திர எல்லையை அடுத்திருக்கும் நம் ஆர்.கே.பேட்டை போன்ற நெசவாளர் ஊர்களிலும் இன்று சர்க்கரை வியாதியின் பெயரைக் கேளாத தெரு இல்லை. குழித்தறியில் காலால் மிதித்துக் கையால் நாடாவை ஓட்டிய காலத்தில் நெசவே ஒரு தேகப்பயிற்சியாக இருந்தது. விசைத்தறி வந்தபின் இயந்திரம் உழைக்கிறது; மனிதன் அருகில் நின்று அறுந்த இழையை முடிகிறான். உழைப்புக் குறைந்தது, இலையில் விழும் சோறோ குறையவில்லை.

பெயரிலேயே பெருமை

எள்ளின் பழமைக்கு மொழியே சாட்சி. எள்ளின் நெய் ஆனபடியால் 'எண்ணெய்' என்றாயிற்று. பிறகு கடலை, தேங்காய், ஆமணக்கு ஆகிய எல்லாவற்றின் நெய்க்கும் அப்பெயர் பொதுவாகிவிடவே, மூல எண்ணெய்க்கு 'நல்ல' என்ற அடைமொழியைச் சேர்த்து 'நல்லெண்ணெய்' என்று அழைக்கலானோம். நம் ஊரில் ஒரு திண்ணையில் தமிழும் அடுத்த திண்ணையில் தெலுங்கும் கேட்கும். தெலுங்கிலும் இதே கதைதான். 'நுவ்வு' என்னும் எள்ளிலிருந்து பிறந்த 'நூனெ' என்ற சொல் எல்லா எண்ணெய்க்கும் பொதுவாகிவிட, நல்லெண்ணெய் 'மஞ்சி நூனெ' ஆயிற்று. வடமொழியில் 'திலம்' என்னும் எள்ளிலிருந்து 'தைலம்' பிறந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி திருத்தணிகை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நாட்டு எல்லை மாறிற்று. எள்ளுப் பொடியின் எல்லை மாறவில்லை. இருபுறத்து அடுக்களைகளிலும் அது ஒன்றே.

சிந்து வெளியின் ஹரப்பாவில் நடந்த அகழ்வில் கரிந்த எள் கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளாக இந்தத் தானியம் நம்மோடு வாழ்ந்து வருகிறது என்பதற்கு இது சான்று. பிறந்தநாள் முழுக்கு முதல் நீத்தார் கடன் வரை எள்ளில்லாத காரியம் நமக்கு இல்லை. ஆனால் பழமை ஒன்றே மருத்துவ குணத்துக்கு அத்தாட்சி ஆகாது. புகையிலையை ஒரு காலத்தில் மருந்தென்று போற்றியவர்களும் இருந்தார்கள். ஆகையால் எள்ளைச் சோதனைக் குழாயில் இட்டுப் பார்ப்போம்.

எள்ளுக்குள் என்ன இருக்கிறது?

தோல் நீக்காத எள் 100 கிராம் எடுத்துக்கொண்டால், அதில் சரிபாதி, அதாவது 50 கிராம், எண்ணெய். புரதம் 18 கிராம். நார்ச்சத்து ஏறக்குறைய 12 கிராம். மக்னீஷியம் 350 மில்லிகிராம். சுண்ணாம்புச் சத்து ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சுண்ணாம்பின் பெரும் பங்கு தோலிலேயே ஆக்ஸலேட் என்னும் உப்பாகக் கட்டுண்டு கிடப்பதால், எழுத்தில் காணும் அளவு முழுவதும் உடலில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்ணெயின் இயல்பைப் பார்ப்போம். அதில் ஏழில் ஒரு பங்கே நெய்யிலும் தேங்காயெண்ணெயிலும் மிகுந்திருக்கும் உறைகொழுப்பு வகையைச் சேர்ந்தது. மீதமெல்லாம் ஒலீயிக், லினோலீயிக் என்னும் உறையாத கொழுப்பமிலங்கள். உணவில் உறைகொழுப்பைக் குறைத்து அதனிடத்தில் உறையாக் கொழுப்பைச் சேர்த்தால், தீய கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். குறையும் என்பது நன்கு நிலைநாட்டப்பட்ட உண்மை.

இது கடலை எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் ஓரளவு பொருந்துவதே. எள்ளுக்கே உரிய சிறப்பு வேறு. ஸெஸமின், ஸெஸமோலின் என்னும் இரண்டு பொருள்கள் அதில் உண்டு. எள்ளை வறுக்கும்போது ஸெஸமோலினிலிருந்து ஸெஸமால் என்னும் மூன்றாவது பொருள் பிறக்கிறது. எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் காப்பது இதன் வேலை. நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு நல்லெண்ணெயையே தேர்ந்தெடுத்ததன் இரகசியம் இதுதான். மிருகங்களிடம் செய்த சோதனைகளில், ஸெஸமின் குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதாகவும், ஈரலில் அது உற்பத்தியாவதைக் குறைப்பதாகவும் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டார்கள். இவை தவிர, தாவர ஸ்டெரால் என்னும் பொருள் 100 கிராம் எள்ளில் 400 மில்லிகிராம் அளவு இருக்கிறது. நாம் உண்ணும் கொட்டை, விதை வகைகளுள் இவ்வளவு அதிகம் உடையவை மிகச் சில. இது உருவத்தில் கொலஸ்டிராலை ஒத்திருப்பதால், இரயில் வண்டியில் முந்தி ஏறி இடம் பிடித்துக்கொள்ளும் பிரயாணியைப் போலக் குடலில் இடம் பிடித்துக்கொண்டு, கொலஸ்டிராலை வெளியே நிறுத்திவிடுகிறது.

சர்க்கரை விஷயத்தில் எள்ளின் உதவி வேறு வழியில் வருகிறது. கொழுப்பும் புரதமும் நாரும் சேர்ந்த பண்டம் இரைப்பையிலிருந்து மெதுவாகவே இறங்கும். வெறும் இட்டலியை உண்டால் அதன் மாவுச்சத்து விரைவில் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறிவிடும். கொழுப்பும் புரதமும் உடைய பொருளைச் சேர்த்து உண்டால் அந்த ஏற்றம் நிதானமாகும்.

சிதம்பரத்துச் சோதனை

புத்தகத்தில் இருக்கும் குணம் மனித உடம்பில் பலிக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு விடை தேடியவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் நம் தமிழ்நாட்டினர் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் அவர்களால் 1929ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனப் பகுதியில் டி. சங்கர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இத்துறையில் புகுந்தார்கள். இரத்தக் கொதிப்புக்காக நிபெடிபின் என்னும் மருந்து உண்டுவந்த நோயாளிகள் உள்ளிட்ட 530 பேரைக் கொண்டு அவர்கள் செய்த சோதனை 2005இல் வெளியாயிற்று. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றை நாளொன்றுக்கு 35 கிராம் வீதம் 60 நாள் உபயோகித்தவர்களை ஒப்பிட்டதில், இரத்த அழுத்தம் இறங்கியதில் நல்லெண்ணெயே முதலிடம் பெற்றது.

நமக்கு நேராகச் சம்பந்தப்பட்ட சோதனை 2011இல் பிரசுரமானது. இரண்டாம் வகை நீரிழிவுடைய 60 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். 18 பேருக்கு நல்லெண்ணெய் மட்டும். 20 பேருக்கு கிளிபென்கிளமைடு என்னும் மாத்திரை, நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். மீதி 22 பேருக்கு மாத்திரையும் எண்ணெயும் சேர்த்து. எண்ணெயின் அளவு முன்போலவே 35 கிராம். காலம் 60 நாள்.

முடிவு என்ன? மாத்திரையும் எண்ணெயும் சேர்ந்த கூட்டத்தாரின் இரத்தச் சர்க்கரை நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. பல வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் அளவு 43 பங்கு இறங்கியது. எண்ணெய் மட்டும் உண்டவர்களிடம் மொத்தக் கொலஸ்டிரால் 20 பங்கும், தீய கொலஸ்டிரால் ஏறக்குறைய 34 பங்கும், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 14 பங்கும் குறைந்தன. இரண்டும் சேர்ந்தவர்களிடம் இவை முறையே 22, 38, 15 பங்கு. நல்ல கொலஸ்டிராலோ எண்ணெய்க் கூட்டத்தில் ஏறக்குறைய 16 பங்கும், இரண்டும் சேர்ந்த கூட்டத்தில் 17 பங்கும் உயர்ந்தது.

இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சர்க்கரையை அடக்குவதில் மேலான பலன் கண்டவர்கள் வைத்தியனை விட்டு வாணியனிடம் போனவர்கள் அல்லர், இருவரிடமும் போனவர்கள். பழமொழியை மெய்ப்பிக்கும் சோதனை என்று இதனைக் காட்டுவோர் இவ்விடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

பிற தேசங்களின் அனுபவம்

எண்ணெயைப் பற்றிச் சிதம்பரம் பேசிற்று. விதையைப் பற்றிப் பிற தேசங்கள் பேசுகின்றன. பாரசீகத்தில் எள்ளை அரைத்து 'அர்தே' என்னும் விழுதாக்கி ரொட்டியோடு உண்பது வழக்கம். அத்தேசத்து ஆராய்ச்சியாளர்கள் நீரிழிவுடைய 41 பேரைக் கொண்டு ஆறு வாரம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 28 கிராம் அர்தே உண்டவர்களுக்கு டிரைகிளிசரைடு குறைந்து நல்ல கொலஸ்டிரால் உயர்ந்தது. தைவான் தீவில் மாதவிடாய் நின்ற 24 மாதர்கள் தினம் 50 கிராம் எள்ளுப் பொடியை ஐந்து வாரம் உண்டதில், மொத்தக் கொலஸ்டிரால் 5 பங்கும் தீய கொலஸ்டிரால் 10 பங்கும் இறங்கின. இது 2006இல் வெளியானது.

மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் உடல் பருத்த 33 பேருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் எள் வீதம் ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்டிராலிலும் இரத்த அழுத்தத்திலும் குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றும் காணப்படவில்லை என்று 2009இல் தெரிவித்துவிட்டார்கள். அதுகாறும் நடந்த பத்துச் சோதனைகளை ஒன்றுகூட்டி 2016இல் வெளியான ஒரு மதிப்புரை, எள் டிரைகிளிசரைடைக் குறைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது; மற்றக் கொழுப்புகளில் உறுதியான குறைவு தெரியவில்லை என்றும் தீர்ப்புக் கூறிற்று.

நிறுத்துப் பார்த்தல்

சிதம்பரத்தில் கண்ட பெரிய பலன் மற்ற இடங்களில் காணாதது ஏன்? நம் நாட்டுச் சோதனை என்பதற்காக அதனை நாம் குருட்டுத்தனமாகப் புகழவும் வேண்டாம். அயல்நாட்டுச் சோதனை எதிராக இருப்பதால் நம்முடையதைத் தள்ளிவிடவும் வேண்டாம். தராசைக் கையில் எடுப்போம்.

முதலாவது, கூட்டத்துக்கு இருபது பேர் என்பது சிறு தொகை. இரண்டாவது, வேறொரு எண்ணெயை உண்ட நீரிழிவுக்காரர் கூட்டம் ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே பலன் நல்லெண்ணெயைச் சேர்த்ததால் வந்ததா, அதுவரை உண்ட வேறு கொழுப்பை விட்டதால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தவுடன் நோயாளி உணவில் பத்தியம் காப்பதும் மனித சுபாவமே. மூன்றாவது, எச்.பி.ஏ.1.சி. என்பது சிவப்பணுக்களில் ஏறிப்படியும் சர்க்கரையின் அளவு. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் பாதிக் காலமான 60 நாளில் 43 பங்கு இறக்கம் என்பது மிகப் பெரிய இறக்கம். பெரிய முடிவு பெரிய சோதனையால் உறுதிப்பட வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் நியதி.

ஆகவே நாம் கொள்ளத்தக்க முடிவு இது: வேறு கொழுப்புக்குப் பதிலாக எள்ளையும் நல்லெண்ணெயையும் அளவோடு உபயோகித்தால், இரத்தக் கொழுப்புக்கு நன்மை உண்டாகும் என்று எதிர்பார்க்க நியாயமுண்டு. சர்க்கரைக்கும் சிறிது துணை செய்யக்கூடும். மருந்தின் ஸ்தானத்தை அது வகிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

'பதிலாக' என்னும் சொல்

மேலே 'பதிலாக' என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்தோம். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கிராம் எண்ணெய் ஒன்பது கலோரி உஷ்ணத்தைத் தருகிறது. சோதனையில் கொடுத்த 35 கிராமுக்கு 315 கலோரி. நாள் முழுவதும் 1600 கலோரியில் நிற்க வேண்டிய நோயாளிக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. வழக்கமான கடலை எண்ணெய்த் தாளிப்பையும் பாமாயில் பலகாரத்தையும் விடாமல், அவற்றின்மேல் இதையும் ஊற்றிக்கொண்டால் உடம்பு பருக்கும். உடம்பு பருத்தால் இன்ஸுலின் வேலை செய்யாது. அப்போது 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியே ஜயிக்கும்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிலையம் 2024இல் வெளியிட்ட உணவு விதிகளின்படி, 2000 கலோரி உண்பவருக்கு எல்லா எண்ணெயும் நெய்யும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 27 கிராம் போதும். மாதத்துக்கு ஆளொன்றுக்கு 810 கிராம். அளவில் ஒரு லிட்டருக்குக் குறைவு. நால்வர் உள்ள குடும்பத்துக்கு மூன்றரை லிட்டர். சென்ற மாதம் நம் வீட்டில் எத்தனை லிட்டர் வாங்கினோம் என்று கடைக்காரர் சீட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தால், பல குடும்பங்களுக்கு வைத்தியர் சொல்லாத பாடம் விளங்கும். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமே கொடுத்துப் போடச் சொல்லலாம். அவர்களுக்கும் கணக்கின் பயன் தெரியும்.

எண்ணெயைவிட விதையே மேலானது என்றும் சொல்லத் தகும். ஆட்டும்போது நாரும் புரதமும் தாதுப்பொருள்களும் பிண்ணாக்கோடு போய்விடுகின்றன. மாடு அதைத் தின்று கொழுக்கிறது. நாமோ எண்ணெயை மட்டும் தின்று கொழுக்கிறோம்!

அடுக்களைக்குச் சில யோசனைகள்

முதலில் எள்ளுருண்டை. "எள் நல்லது என்றார்களே" என்று சர்க்கரை வியாதிக்காரர் எள்ளுருண்டையை எடுத்துக் கடிப்பதைக் காண்கிறோம். அதில் கிட்டத்தட்ட சரிபாதி வெல்லம். வெல்லமும் சர்க்கரையே; நிறம் பழுப்பாக இருப்பதால் இரத்தம் ஏமாந்துவிடாது. இதில் எள்ளின் நன்மையை வெல்லம் விழுங்கிவிடும்.

எள்ளுப் பொடியே சிறந்த வடிவம். எள்ளை எண்ணெயின்றி வெறும் சட்டியில் வெடிக்கும் வரை வறுத்து, வறுத்த உளுந்து, மிளகாய், பெருங்காயம், அளவான உப்புச் சேர்த்துப் பொடித்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஒரு மேசைக் கரண்டி எள் என்பது ஏறக்குறைய 9 கிராம். சுமார் 50 கலோரி. இது யாருக்கும் பாரமாகாது. ஆனால் இட்டலிக்குப் பொடி வைத்து, அதன் நடுவில் குழி பறித்து எண்ணெயை நிரப்பும் பழக்கம் இருக்கிறதே, அங்கே கை சற்றுச் சுருங்க வேண்டும். எள்ளோரைச் சாதம் செய்தால் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுக. கீரை மசியல், கத்தரிக்காய்ப் பொரியல் முதலியவற்றின்மேல் வறுத்த எள்ளைத் தூவினால் உப்பின் தேவையும் சிறிது குறையும்.

எண்ணெய் வாங்கும்போது கவனம் வேண்டும். விளக்கேற்றுவதற்கென்று மலிவாக விற்கும் கலப்பு எண்ணெய் உண்பதற்கு உரியதன்று. புட்டியின்மேல் சிறிய எழுத்தில் அவ்விதம் அச்சிட்டிருப்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தும், படிக்காமல் வாணலியில் ஊற்றுவோர் உண்டு. நல்லெண்ணெய்க்கும் கலப்படத்துக்கும் ஒரு பழைய உறவு இருப்பதையும் இங்கே சொல்லலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடும் சர்க்கரையோடும் கலந்து குலுக்கினால் நல்லெண்ணெய் சிவந்த நிறம் காட்டும். இது 'போடுவான் சோதனை' எனப்படும். நெய்யில் வனஸ்பதி கலப்போரைக் கண்டுபிடிப்பதற்காக, வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென்று நம் நாட்டுச் சட்டம் விதித்தது. கள்ளனைக் காட்டிக் கொடுக்கும் காவற்காரன் வேலையையும் எள் பார்த்திருக்கிறது!

சிலருக்கு எள்ளே ஆகாது. உண்டவுடன் தடிப்பு, வாய்வீக்கம், மூச்சுத் திணறல் உண்டாகும். அமெரிக்க தேசத்தில் இத்தகைய ஒவ்வாமை தரும் முக்கியப் பொருள்களின் பட்டியலில் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்து, 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களும், ஆக்ஸலேட் கல் அடைப்பு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டபின்பே எள்ளை அதிகப்படுத்த வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம். நம் ஊரில் நமக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டு, நல்லெண்ணெய் இருக்க மாத்திரை எதற்கு என்று மருந்தை நிறுத்திவிட்டார். காலையில் வாயில் எண்ணெய் கொப்பளிப்பதும் உணவில் தாராளமாகச் சேர்ப்பதுமாக ஏழெட்டு மாதம் கழிந்தது. உடம்பில் வலி ஒன்றும் இல்லை. நீரிழிவு வலிக்கிற நோய் அல்லவே! பிறகு கால் விரலில் ஒரு சிறு புண் வந்தது. ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. எள் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. எள்ளின்மேல் தாங்க முடியாத பாரத்தை ஏற்றியதுதான் தீங்காய் முடிந்தது.

நீரிழிவின் பழைய சரித்திரத்தை அறிந்தவர்கள் மருந்தை இலேசாக எண்ணமாட்டார்கள். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு 'மதுமேகம்' என்று பெயரிட்டவர்கள் நம் நாட்டுப் பண்டை வைத்தியர்களே. உழைப்பின்றி உண்டு கொழுத்தவர்களை இது பற்றும் என்பதையும் அவர்கள் கண்டிருந்தார்கள். ஆனால் கண்டறிந்த நோயைத் தடுத்து நிறுத்தும் கருவி உலகுக்கு வெகுகாலம் கிட்டவில்லை. 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் முதலியோர் இன்ஸுலினைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டில் அது முதன்முதலாக மனிதனுக்கு ஏற்றப்பட்டது. அதற்குமுன் முதல் வகை நீரிழிவு பிடித்த குழந்தைகள் பிழைப்பது அரிது. நம் சென்னையில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் 1948இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்கள். இவ்வளவு பேருடைய உழைப்பால் கிடைத்த மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டு மாதத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின், ஊழியைகள் அதனை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாசலுக்கு வந்த மருந்தைப் பரணில் போட்டுவிட்டு எண்ணெய்க் கடையைத் தேடிப்போவது விவேகமாகாது.

வேறொரு ஜாக்கிரதையும் வேண்டும். மாத்திரை உண்பவர் உணவையும் திருத்தி, எள்ளையும் சேர்த்து, நடக்கவும் தொடங்கினால், சில சமயம் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளில் இந்த அபாயம் அதிகம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருளல் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது உடனே சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, பின் வைத்தியரிடம் சொல்லி மாத்திரையின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். மருந்து குறையக்கூடிய பாக்கியம் வந்தால் வரட்டும். அதைக் குறைக்கும் அதிகாரம் வைத்தியருடையது.

ஊகத்தால் தீர்மானிக்காமல் எண்ணால் தீர்மானிக்கப் பழகுவோம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, உணவுக்குப்பின் இரண்டு மணி நேரம் கழித்த சர்க்கரை, உண்ட பண்டம் ஆகியவற்றை வீட்டுப் பிள்ளை ஒருவர் எழுதிவரட்டும். ஒரு நாள் தேங்காய்ச் சட்டினியோடு மூன்று இட்டலி. மற்றொரு நாள் எள்ளுப் பொடியோடு இரண்டு இட்டலியும் ஒரு கிண்ணம் காய்கறியும். இரண்டு நாளின் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எந்த உணவு நமக்கு உகந்தது என்பதை அந்த எண்களே சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி.யும், ஆண்டுக்கு ஒருமுறை கொலஸ்டிரால், சிறுநீரகம், கண், கால் ஆகியவற்றின் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். நோயில்லை என்று எண்ணியிருப்பவர்களும் முப்பது வயதைக் கடந்தால் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் வந்துவிட்டதென்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது.

எள்ளுக்குரிய மரியாதையை எள்ளுக்குக் கொடுப்போம். அது நாலாயிரம் ஆண்டு நமக்கு உணவாக இருந்தது. இனியும் நல்ல உணவாகவே இருக்கட்டும். தினம் ஒரு கரண்டி எள், அளவான நல்லெண்ணெய், குறைந்த சோறு, நிறைந்த காய்கறி, வைத்தியர் குறித்த மாத்திரை. இவற்றோடு, கால் புண்ணின்றி நலமாயிருந்து வைத்தியரும் அனுமதிப்பவர்கள் கிருத்திகைக்குக் காத்திராமல் இடையிடையே திருத்தணிகை மலையின் 365 படிகளையும் நடந்தே ஏறி இறங்கலாம். முருகன் அருளும் கிட்டும், சர்க்கரையும் இறங்கும்.